தண்ணீருக்கு நிற்காத நீலம்

அழுத்துகிறார். அழுத்தாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் சொல்ல வாயெடுத்தபோது கோமதி என் முழங்கையைத் தொட்டு, "அண்ணனுக்குத் தெரியாதா அண்ணி, முப்பது வருஷம் ஆபீஸ்ல எழுதின கை" என்றாள். அதுதான் எனக்குப் பயமே. மூன்று கார்பன் தாள் வைத்து, நாலாவது காப்பியிலும் எழுத்து விழ வேண்டும் என்று அழுத்தி அழுத்திப் பழகிய கை அது. கோமதி என் தம்பி ரத்தினவேலின் மனைவி. அவளுடைய அண்ணன் குஞ்சிதபாதம், மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, என் தம்பி மகள் அபிநயாவின் நிச்சயதார்த்தத்துக்கு லக்னப் பத்திரிகை எழுதிக்கொண்டிருக்கிறார். பேனா என்னுடையது. காகிதம் என்னுடையது. மை என்னுடையது. நான் இரண்டாவது வரிசையில், சாட்டின் துணி போர்த்தி முதுகில் முடிச்சுப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தங்க நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து விரிந்து மூடுவதை இங்கிருந்தே பார்க்கிறேன். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிகிறது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி என் பல்லில் கூசுகிறது. "நிகழும் மங்களகரமான" என்று எழுத ஒரு மனிதர் இவ்வளவு மூச்சு வாங்க வேண்டியதில்லை. வெறும் பேனாவின் கனமே போதும், கையை அதன் மேல் வைத்தால் போதும், அது தானாக ஓடும். அதற்காகத்தானே எபனைட் என்கிற கெட்டி ரப்பரைக் கடைசலில் கொடுத்து, ஏழு மாதம் காத்திருந்து, என் விரல் அளவு சொல்லிச் செய்து வாங்கினேன். என் விரல் அளவு. அவருடைய கட்டை விரலுக்கு அது ஊதுபத்தி மாதிரி இருக்கிறது, பிடிக்கத் தெரியாமல் நிப்புக்குப் பக்கத்திலேயே பிடித்திருக்கிறார், விரலெல்லாம் மையாகப் போகிறது, ஆகட்டும்.

கை வேண்டாம், பேனா வேண்டும். இதுதான் விஷயம். நாலு நாளாக இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். புதன்கிழமை ரத்தினவேல் வீட்டுக்குப் போயிருந்தேன், பூக்காரரிடம் சொல்லியாயிற்றா, தாம்பாளம் எத்தனை என்று பேச. அபிதான் ஆரம்பித்தாள். "பத்திரிகையை அத்தை எழுதட்டுமே, அத்தை எழுத்து எவ்வளவு அழகு." நான் மனசுக்குள் அப்போதே காகிதத்தை எடுத்து ஓரம் விட ஆரம்பித்துவிட்டேன், அது என் தப்பு. குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமினார். அபி செல்போனைப் பார்த்தாள். அவ்வளவுதான், பேச்சு சாமியானாவுக்குப் போய்விட்டது. பிறகு நான் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனபோது சமையல்கட்டு வாசலில் அவர் குரல் கேட்டது. "வாழாத பொண்ணு மாப்ள. அவங்க கையால லக்னப் பத்திரிகை எழுதுனா நல்லாருக்காது. சம்பந்தி வீட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க." குழாயை மூடினேன், இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று. என் தம்பி என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க வேண்டியிருந்தது. எட்டு வயதில் அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த கை இது, அது நல்லாருந்ததா என்று அவன் கேட்பான் என்று நினைத்தேன். அவன் சொன்னது: "சரி மச்சான். நீங்களே எழுதிடுங்க. பேனாவும் பேப்பரும் மட்டும் அக்காகிட்ட வாங்கிக்கலாம், அதுகிட்ட நல்லதா இருக்கும்." மட்டும். நாலு நாளாக அந்த 'மட்டும்' தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நல்ல பாத்திரம் இருக்கிற வீட்டில் அண்டா இரவல் கேட்கிற மாதிரி. நான் ஈரக் கையோடு வந்து, "என்ன ரத்தினவேலு" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, பேனா ஒண்ணு வேணும்" என்றான். கொடுக்கிறேன் என்றேன். சிரித்தேன் கூட. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது இன்னும் ஆத்திரமாக வருகிறது.

எட்டு மாதம். கும்பகோணத்தில் எட்டு மாதம் வாழ்ந்தேன், பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டேன், ஏன் என்பது எனக்கும் அந்த மனிதருக்கும் தெரியும், இவர்கள் யாரும் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தரம் கேட்டதில்லை, கேட்காமலே பெயர் வைத்துவிட்டார்கள். வாழாத பொண்ணு. அப்படியானால் இந்த இருபத்தெட்டு வருஷமாக இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து, உறையூரில் மாடிப் போர்ஷனில் சமைத்துச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பேனாக்களைக் குளிப்பாட்டித் துணியில் வரிசையாகப் படுக்கவைத்தேனே, அதற்குப் பெயர் என்ன. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வக்கீல் ஆபீசில் ஒரு பால்பாயிண்ட் பேனா இருந்தது, சணல் கயிற்றால் மேஜைக் காலில் கட்டியிருந்தது. அம்சவேணி என்று போட வேண்டும். 'அம்' வரை எழுதியது, பிறகு வெறும் கீறல். குமாஸ்தா, "அழுத்திப் போடுங்கம்மா" என்றார். அழுத்தினேன். காகிதம் கிழிந்தது. மறுபடி பத்திரம் எடுத்து, மறுபடி போட்டு, மறுபடி நின்றது. ஒரு கல்யாணத்தை விட்டு வெளியே வர நான் மூன்று தரம் கையெழுத்துப் போட்டேன், மூன்று தரமும் கயிற்றை இழுத்துக்கொண்டு குனிந்து. வெளியே வந்ததும் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் ஏறி, அழுத்தாமல் எழுதுகிற பேனா கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் பச்சை நிற மைப்பேனா ஒன்றை எடுத்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னார். என் பெயரை எழுதினேன். நின்ற இடத்தில் நிற்காமல் போயிற்று, கடைசி 'ணி'யின் சுழி வரை. அன்றைக்கு எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. இப்போது முப்பத்தொரு பேனா, இரண்டு டைப்ரைட்டர், நாற்பத்தாறு மைப்புட்டி, ஒரு பீரோ நிறையக் காகிதம். ரத்தினவேல் சற்று முன் என்னைச் சம்பந்திக்கு அறிமுகப்படுத்தினான்: "எங்க அக்கா. பேனா கலெக்‌ஷன் வெச்சிருக்காங்க." இன்சூரன்ஸ் ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட் என்று சொல்லியிருக்கலாம். கலெக்‌ஷனாம். நான் என்ன தீப்பெட்டி லேபிளா சேர்க்கிறேன். ஒவ்வொரு பேனாவும் எழுதுகிறது, ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து நான் எழுதுகிறேன்.

பேரைப் பிளந்துவிட்டார். கடவுளே, பேரைப் பிளந்துவிட்டார். வரி முடிகிற இடத்தில் 'அபி' என்று நிறுத்தி, அடுத்த வரியில் 'நயா' என்று ஆரம்பிக்கிறார், தெரிகிறது, கை போகிற தூரத்தை வைத்தே தெரிகிறது. இதற்காகத்தான் நேற்று சின்ன டைப்ரைட்டரை எடுத்து முழுப் பத்திரிகையையும் அடித்துப் பார்த்தேன். எந்த வரி எங்கே முடிய வேண்டும், யார் பேரும் உடையாமல், தாத்தா பேர் எல்லாம் நடுவில் வருகிற மாதிரி, நாலு தாள் அடித்து வீணாக்கி, ஐந்தாவதில் சரியாக வந்தது. டைப்ரைட்டரில் ஒரு வசதி, கோபத்தை ஒவ்வொரு எழுத்தாகக் குத்தலாம். 'குஞ்சிதபாதம்' என்று எங்கேயும் வராது, இருந்தாலும் ஓரத்தில் ஒரு தரம் அடித்து, அதன் மேலேயே கோடு கோடாக அடித்தேன், கீழ் வீட்டம்மா விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கைத் தட்டும்வரை. அந்த ஐந்தாவது தாளை மடிக்காமல் கவரில் வைத்துக் கொடுத்தேன், இதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள் என்று. அதைத்தான் இப்போது தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இதே டைப்ரைட்டரை வேண்டாமென்று தள்ளித்தான் புதன்கிழமை என்னை மடக்கினார்கள். யாருக்கும் சங்கடம் வேண்டாம், டைப் அடித்தே கொடுத்துவிடுகிறேன் என்றேன். கோமதி சிரித்தாள். "கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும் அண்ணி." கோர்ட் நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று இந்தக் குடும்பத்தில் எனக்குத்தான் தெரியும் என்பதை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தாலாவது பதில் சொல்லலாம்.

மேடை வரைக்கும் ஏ.சி. காற்று போகவில்லை, அவருக்கு வியர்க்கிறது. நெற்றியைத் துடைக்காமல் குனிகிறார். ஒரு சொட்டு விழுந்தால் போயிற்று. வியர்வையே போதும், பன்னீர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆம், அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்த மை தண்ணீருக்கு நிற்காது. எழுதி, வாசித்து, இரண்டு அப்பாக்களும் கையெழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காய் மேல் பத்திரிகையை விரித்து வைத்ததும், பெண்ணின் அம்மா வெள்ளிச் செம்பை எடுத்து மூன்று தரம் பன்னீர் தெளிப்பாள். கோமதி வீட்டார் வழக்கம். தெளித்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். கோமதியின் பின்னால் நாற்காலியில் அந்தச் செம்பு தயாராக இருக்கிறது, நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று அதையே பார்க்கிறேன். மூன்று தெளிப்பு. முதல் தெளிப்பிலேயே மாப்பிள்ளை பேர் கலங்கும், இரண்டாவதில் முகூர்த்தத் தேதி, மூன்றாவதில் அபிநயா, ஏற்கெனவே இரண்டாகப் பிளந்தவள், கரைந்து தேங்காயில் வழிவாள். மாப்பிள்ளை வீட்டுக் காப்பி இது. அவர்கள் எழுதிக் கொடுப்பது நமக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா எதிர்ப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கி எப்போதோ முடித்துவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அது வெள்ளத்தில் போட்டாலும் நிற்கும். நாம் கொடுப்பது அழியும். சபையில், எல்லார் கண் முன்னாலும். சம்பந்தியம்மா வாயைப் பொத்துவார். யார் கொடுத்த மை என்பார்கள். வாழாத பொண்ணு கொடுத்தது. நான் சொன்னேனே மாப்ள, என்பார் குஞ்சிதபாதம். அபிக்கும் அந்தப் பையனுக்கும் முதல் சண்டை வருகிற அன்றைக்கே இதைத்தான் எடுப்பார்கள். குழந்தை ஒரு வருஷம் தள்ளினால் இதை. அவள் என்னை மாதிரி ஒரு பெட்டியோடு பஸ் ஏறினால், அப்போதும் இதைத்தான்.

மறந்துவிட்டேன். காலையில் அவசரம், எட்டு மணிக்கே கார் வந்துவிட்டது, மூன்று புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, மறந்துவிட்டேன். ஒன்று இரும்பு மை, எழுதும்போது வெளிறியிருக்கும், ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடும், நூறு வருஷம் நிற்கும். அதை எடுக்கவில்லை, ஏனென்றால் கோமதி சொல்லியிருந்தாள்: "கருப்பு மட்டும் வேண்டாம் அண்ணி, நல்ல காரியம்." சரி. இன்னொன்று கெட்டி நீலம், நீர் பட்டாலும் அசையாது. மூன்றாவது இந்த மயில்கழுத்து நீலம். அழகில் இதற்கு ஈடில்லை, வளைவுகளில் கொஞ்சம் சிவப்பு மின்னும், அந்தப் பருத்திக் காகிதத்தில் அப்படியே உட்காரும். அழகாக இருக்கட்டும் என்று எடுத்தேன். அழகுக்கு ஆசைப்பட்டால் மற்றது மறந்துபோகும், இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான், நிறத்தில் மயங்கி மற்றதை விடுவது. அப்படித்தான் நடந்தது. இல்லை. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு மை வாங்கினால் முதல் வேலை அந்த நோட்டில் ஒரு பக்கம் எழுதுவேன், பேனா பேர், நிப்பு, தேதி, காய எத்தனை விநாடி. காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து ஒற்றி எடுத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். மயில்கழுத்து நீலம் முப்பத்தெட்டாம் பக்கம். ஒன்றும் மிஞ்சவில்லை. 'தண்ணீர்: நிற்காது' என்று என் கையாலேயே எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அடிக்கோடு. மறந்துவிட்டேனாம். யாரிடம் சொல்கிறேன் இதை.

உதறுகிறார். எழுதவில்லை போலிருக்கிறது, பேனாவைப் பிடித்துத் தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி உதறுகிறார், மேடை ஜமக்காளத்தில் மூன்று நீலப் பொட்டு. என் தொடை மேல் இருந்த கை தானாக மூடிக்கொள்கிறது. ரத்தினவேல் பேனாவையும் மூடியையும் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி ஓடி வருகிறான், பட்டு வேட்டி தடுக்குகிறது.

"அக்கா, எழுத மாட்டேங்குது."

"அழுத்தினா எழுதாது."

"கொஞ்சம் பாருக்கா. ஒன்பதரைக்குள்ள முடிக்கணும்னு ஐயர் பறக்குறாரு."

வாங்கினேன். சுடுகிறது. அவருடைய கைச்சூடு. நிப்பின் இரண்டு கால்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. நகத்தால் தூக்கி, மெல்ல அமர்த்தி, அடியில் இருக்கும் நாக்கோடு சேர்த்துப் பிடித்தேன். சூடேறிய பேனா, மை பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது, இந்த மாதிரிப் பேனா அப்போது கக்கும், கக்கியது, கட்டை விரலும் அடுத்த இரண்டும் நீலமாயின. புடவையில் படாமல் கையைத் தூக்கிக்கொண்டேன். என் உள்ளங்கை ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன், போயிற்று, அழகாக. பாவம், இவ்வளவு நடந்தும் எனக்கு எழுதுகிறது. என் கைக்கு உடனே எழுதுகிறது. ரத்தினவேல் குனிந்து காத்திருக்கிறான், காதோரம் நரை, எப்போது வந்தது இது. இப்போது சொல்லலாம். இந்த மை வேண்டாம்டா, தண்ணீருக்கு அழியும், வேறு காகிதம் என் பையில் இருக்கிறது, முதலிலிருந்து எழுதச் சொல்லு. சொன்னால் மச்சானைக் கூப்பிடுவான், அவர் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுப்பார், 'இதுக்குத்தான் சொன்னேன்' என்பார், என் பேனா மூடியில்லாமல் எங்கோ ஒரு தாம்பாளத்தில் கிடக்கும். அல்லது, நீயே வந்து எழுதுக்கா என்று அவன் சொல்வான். சொல்வானா. என் நீல விரல்களைப் பார்க்கிறான்.

"ரத்தினவேலு."

"என்னக்கா."

"அழுத்த வேண்டாம்னு சொல்லு."

"சொல்றேன்க்கா" என்று வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். மூடியைக் கூட வாங்கவில்லை. மூடி என் இடது கையில் இருக்கிறது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாமா. பக்கத்து நாற்காலி அம்மாள், "கையெல்லாம் மை ஆயிடுச்சே" என்கிறாள். ஆமாம் என்கிறேன். கேசரியின் நெய் வாசனை கீழேயிருந்து ஏறி வருகிறது. அபி மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள், அரக்குப் புடவை, கழுத்து முழுக்க நகை, மணப்பெண் குனிவது மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அவள் காகிதத்தைப் பார்க்கிறாள். மாமா எழுதுவதைப் பார்க்கிறாள். அவள் முகம் மாறுகிறது. சட்டென்று தலை நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடி, பிடித்துவிட்டாள். தெரிந்துவிட்டது அவளுக்கு. அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் ஒரு கடிதம் போடுவேன், ஒவ்வொரு வாரமும் ஒரு மை. ஒரு ஐப்பசியில் இந்த மயில்கழுத்து நீலத்தில் நாலு பக்கம் எழுதினேன். மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தது. போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், முழுக்க நீலக் குளம். 'அத்தை, லெட்டர் குளிச்சிட்டு வந்திருக்கு. ஒரு வரிகூடத் தெரியல. என்ன எழுதினீங்க, திரும்பச் சொல்லுங்க.' திரும்பச் சொல்லவில்லை. அதில்தான் கும்பகோணத்து எட்டு மாதத்தை எழுதியிருந்தேன், முதல் தடவையாக, ஒருத்திக்காவது தெரியட்டும் என்று. அழிந்ததும் சரிதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்த நீலத்தை அவள் மறக்க மாட்டாள், அந்தச் சிவப்பு மினுக்கு இந்த ஊரில் எவரிடமும் கிடையாது. பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். சொல்லேன், வாய் இருக்கிறதே, சொல்லேன், இந்த மை அழியும் மாமா, நிறுத்துங்கள் என்று சொல்லேன். புதன்கிழமை சொன்ன மாதிரி அரை வாக்கியம் சொல்லிவிட்டுச் செல்போனைப் பார். என் கோபம் குஞ்சிதபாதத்தின் மேல் இல்லை, அவர் யார் எனக்கு. ரத்தினவேல் மேல் கூட இல்லை, அவன் அப்படித்தான். உன் மேல்தான் அபி. இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம் நீ. ஒரே ஒரு தரம். அவள் தலை குனிந்துகொண்டாள். சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று எனக்குப் புரிய இரண்டு மூச்சு பிடித்தது.

ஐயர் வாசிக்கிறார். நல்ல குரல், பிளந்த பேரையும் சேர்த்துத்தான் வாசிக்கிறார், அபிநயா என்று முழுசாக, கேட்க நன்றாக இருக்கிறது. ரத்தினவேல் கையெழுத்துப் போடுகிறான், நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பில் போட்ட மாதிரியே. சம்பந்தி போடுகிறார். மஞ்சள் தடவுகிறார்கள், நாலு மூலை, எழுத்தில் படவில்லை, படாது, நாலு விரல் ஓரம் விட்டு நேற்று நான்தான் பென்சிலால் கோடிழுத்துக் கொடுத்தேன், அதையாவது மதித்திருக்கிறார். குஞ்சிதபாதம் எழுந்து முதுகை நிமிர்த்தி, மூடியில்லாத என் பேனாவைச் சட்டைப் பையில் நிப்பு கீழாகச் செருகுகிறார். இப்போதே பையில் ஒரு நீலப் புள்ளி, பரவட்டும். தாம்பாளத்தில் பத்திரிகை. கோமதி திரும்புகிறாள். செம்பு.

வெள்ளிச் செம்பு, நீண்ட கழுத்து, மேலே பூவாளி மாதிரித் துளைகள். கோமதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தபடி வருகிறாள். பாவம், அவள் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நடக்கட்டும். கொட்டட்டும். கை வேண்டாம் என்றீர்களே, என் கை இல்லாமல் என்ன நிற்கும் என்று பாருங்கள். இதைத்தான் நான் விரும்பினேன், காலையில் புட்டியைத் திறக்கும்போது இது எனக்குத் தெரியும், தெரியாதது மாதிரி என் கையை நானே வேடிக்கை பார்த்தேன், முப்பத்தெட்டாம் பக்கம் திறந்தே இருந்தது மேஜையில். மறக்கவில்லை. ஒரு கணம்கூட மறக்கவில்லை. அழிய வேண்டும் என்றுதான் ஊற்றினேன். இப்போது அழியப்போகிறது, நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி, அவள் குனிந்த தலை தெரிகிறது, வகிட்டில் பொட்டுச் சுட்டி ஆடுகிறது, அவள் தோள் இறுகியிருக்கிறது, அடி விழப்போவது தெரிந்த பிள்ளை காத்திருக்கிற மாதிரி. யார் அடிக்கப்போகிறார்கள். நான்தான்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. படி மூன்று. ஜமக்காளத்தில் செருப்போடு ஏறிவிட்டேன் என்பது மட்டும் ஒரு மூலையில் உறைத்தது. "அண்ணி" என்றாள் கோமதி, செம்பு சாய்ந்துவிட்டது, நான் குனிந்து இரண்டு கைகளையும் பத்திரிகை மேல் விரித்தேன், தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில், கூரை மாதிரி. பன்னீர் புறங்கையில் விழுந்தது. குளிர்ச்சி. ரோஜா வாசனை.

"அக்கா, என்ன இது, எல்லாரும் பாக்குறாங்க."

"தண்ணி பட்டா அழிஞ்சிடும்."

"என்னது?"

"மை. தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

சொல்லிவிட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திவிட்டார். குஞ்சிதபாதம் எதையோ ஆரம்பித்தார், வாழாத என்று ஆரம்பித்திருப்பார், கேட்கவில்லை எனக்கு. ரத்தினவேலின் முகம் வெளுத்துப்போயிருந்தது, எதற்காக ஊற்றினேன் என்று அவன் கேட்கவில்லை, அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்த வெளுப்பில் தெரிந்தது. கோமதி செம்பைப் பிடித்தபடி நின்றாள். ஒரு தெளிப்போடு நிறுத்தக் கூடாது. ஆரம்பித்தால் மூன்று. நான் கையை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடத்தான் நினைத்தேன், இதற்கு மேல் அவர்கள் பாடு.

"கையை எடுக்காதீங்க அத்தை" என்றாள் அபி.

மெதுவாகச் சொல்லவில்லை. சபைக்குக் கேட்கிற மாதிரி, முழு வாக்கியமாக, என்னைப் பார்த்து அல்ல, மாமாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அம்மாவிடம், "நீ தெளிம்மா" என்றாள். கோமதி தெளித்தாள். இரண்டாவது. மூன்றாவது. என் விரல்களில் இருந்த நீலம் பன்னீரில் இளகி, கட்டை விரல் வழியாக இறங்கி வந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன், தடுக்க இன்னொரு கை இல்லை. ஒரு சொட்டு விழப்போகிறது என்று கையைத் தாழ்த்தி ஓரத்தில் ஊன்றினேன், எழுத்தில் விழக் கூடாதே என்று. எடுத்தபோது மஞ்சள் மூலைக்குப் பக்கத்தில், நான் கோடிழுத்து விட்ட வெற்று ஓரத்தில், என் கட்டை விரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது, வளைவில் கொஞ்சம் சிவப்பு மின்னிக்கொண்டு. எழுத்து ஒன்றுகூடக் கலங்கவில்லை. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "என்ன கறை அது" என்றார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, "நீலம்தானே, கருப்பில்லையே, தட்டை மாத்துங்கோ, நேரம் ஆறது" என்றார்.

மாற்றினார்கள். என் ரேகையும் அந்த வீட்டுக்குப் போகிறது, துடைக்க முடியாது, துடைத்தால் எல்லாம் போகும். குஞ்சிதபாதத்தின் சட்டைப் பையிலிருந்து என் பேனாவை நானே உருவி, இடுப்பில் செருகியிருந்த மூடியைப் போட்டேன். அவர் பையைக் குனிந்து பார்த்தார். கோபம் அப்படியேதான் இருந்தது, எல்லார் மேலும், அபி மேல் கொஞ்சம் குறைவாக. இரண்டாவது வரிசையில் என் நாற்காலி காலியாக இருந்தது. நான் மேடையை விட்டு இறங்கவில்லை.